ஐந்து பேருக்கு

சீஸ் கடைக்காரன் இரண்டே கேள்விதான் கேட்டான். எப்போது சாப்பிடுவீர்கள், எத்தனை பேருக்கு? இன்றைக்கு ராத்திரிக்கு, நாலு பேருக்கு என்று ரூபிணி தான் வகுப்புக்குப் போய்ப் படித்த பிரெஞ்சில் பதில் சொன்னாள். அவன் வைக்கோல் விரித்த தட்டிலிருந்து சின்னச் சின்ன வட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெருவிரலால் மெல்ல அழுத்திப் பார்த்தான். இது இல்லை, இதுவும் இல்லை என்பதுபோல் தலையை ஆட்டித் திரும்ப வைத்தான். ஒருவழியாக ஒன்று அவன் மனதுக்குப் பிடித்துவிட்டது. காகிதத்தில் சுற்றப் போனபோது ரூபிணியின் தோளுக்குப் பின்னாலிருந்து மாமியார் லோகேஸ்வரி கையை நீட்டி ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள்.

"நாலு பேர்தானே மாமி?"

"அஞ்சுன்னு சொல்லும்மா."

ரூபிணி சிரித்துக்கொண்டே ஐந்து என்றாள். மாமிக்கு சீஸ் பிடித்துப்போய்விட்டது, வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். கூடையைப் பிடித்துக்கொண்டு நின்ற புனிதனுக்கு மட்டும் அந்த ஐந்து சுருக்கென்றது. அம்மாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்தான். பிறகு, தம்பி எங்கே போய்த் தொலைந்தான் பார்க்கிறேன் என்று முணுமுணுத்துவிட்டு அந்த இடத்திலிருந்து நழுவினான். இந்த மாதிரி நேரத்தில் நழுவுவதில் அவன் கெட்டிக்காரன்.

பிரான்சில் லுவார் ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சிற்றூரில் புதன்கிழமை தோறும் சந்தை. மாதா கோயிலைச் சுற்றியிருந்த சதுக்கம் முழுக்க வண்டிக் கடைகள். லோகேஸ்வரிக்குச் சந்தை புதிதில்லை. சொந்த ஊர்ப் பக்கம் உலு யாம் பள்ளிக்கூட கேன்டீனில் இருபது வருடத்துக்கு மேல் சமைக்கிறவள். விடியுமுன் கோலா குபு பாரு சந்தைக்குப் போய் மீன்காரனிடமும் காய்காரனிடமும் மல்லுக்கட்டி வாங்கிப் பழகியவள். மாம்பழத்தை முகர்ந்து, வெண்டைக்காயை ஒடித்து, மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு காசு கொடுக்கமாட்டாள். வந்த புதிதில் பாரிஸிலும் அதே கையைத்தான் நீட்டினாள். ஒரு பேரிக்காயை எடுத்து அழுத்தியதும் கடைக்காரி போட்ட கூச்சலில் தெருவே திரும்பிப் பார்த்தது. தொடக்கூடாதாம். அவள்தான் எடுத்துத் தருவாளாம். லோகேஸ்வரிக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. என்ன ஊருடா இது, காசு கொடுத்து வாங்குகிறவளுக்குத் தொட்டுப் பார்க்க உரிமை இல்லையா என்று அன்று முழுக்க மனதுக்குள் வைதுகொண்டிருந்தாள்.

ஆனால் அந்தக் கடைக்காரி கொடுத்த பேரிக்காய்கள் அவளை மடக்கிவிட்டன. இது இன்றைக்கு ராத்திரிக்கு, இது நாளைக்கு மத்தியானத்துக்கு என்று சொல்லித் தனித்தனியாகக் கொடுத்தாள். ராத்திரிப் பழம் ராத்திரி கத்தி வைத்ததும் வெண்ணெயாக இறங்கியது. நாளைப் பழம் நாளைக்குத்தான் அப்படி இறங்கியது. அன்றிலிருந்து லோகேஸ்வரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, அவர்கள் தேடி எடுத்துக் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பதே அவளுக்கு ஒரு வேடிக்கையாகிவிட்டது. வாங்குகிறவன் எப்போது வாயில் வைக்கப்போகிறான் என்று விற்கிறவன் கவலைப்படுகிற ஊரை அவள் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

அவளுக்குப் பிடித்துப்போனது இன்னும் எத்தனையோ. பன்னிரண்டு மணி அடித்தால் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறார்கள். சின்ன மகன் அகிலனுக்கு அது பெரிய எரிச்சல். மூன்றாம் நாள் இரண்டரை மணிக்கு ஓர் உணவுக் கடைக்குள் நுழைந்தபோது அடுப்பை அணைத்துவிட்டோம் என்று கையை விரித்துவிட்டார்கள். "நம்ம ஊரு மாமாக் சாப்பாட்டுக் கடையில மூணு மணிக்கு ராத்திரி போனாக்கூட ரொட்டி போடுவான் லா. இவனுங்களுக்கு வியாபாரமே தெரியல" என்று அவன் புலம்பிக்கொண்டே வந்தான். பிள்ளைகளுக்கெல்லாம் போட்டு முடித்து, பாத்திரம் கழுவி, மேசை துடைத்து, மூன்று மணிக்கு மிச்சமிருந்ததை நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டுதான் லோகேஸ்வரி இந்த வயது வரை வந்திருக்கிறாள். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து சாப்பிடுகிற சமையல்காரர்கள் மேல் அவளுக்குப் பொறாமை கூட வரவில்லை. மரியாதைதான் வந்தது.

இவ்வளவு சந்தோஷத்துக்கும் அடியில் ஒரு முள் இருந்தது. நாளைக்குத் தீபாவளி. அப்படியென்றால் இன்றைக்குப் படையல்.

லோகேஸ்வரியின் கணவர் நாராயணசாமி எஸ்டேட்டில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் காலை லோரியை நிழலில் ஒதுக்கி நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் தலையை வைத்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. தீபாவளிக்கு முந்தின நாள் செத்தவர்கள் வீட்டுக்கு வருவார்கள், அவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து இலைபோட்டு வைக்கவேண்டும் என்பது அவர்கள் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் இருந்த காலத்திலிருந்து மாறாத வழக்கம். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் ஊரில், அம்பாங் பெச்சா வீட்டில் முறையாக வைத்தாள். இந்த வருடம் வீடு பூட்டிக் கிடக்கிறது.

பயணத்துக்கு நாள் குறித்தது ரூபிணி. பாங்சாரில் மருந்தகம் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண். புனிதனோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்து, விரும்பி, இரண்டு வீட்டையும் சமாளித்து, போன தையில் கட்டிக்கொண்டாள். மாமனாரை அவள் பார்த்ததே இல்லை. அவர்கள் வீட்டில் இறந்தவர்களுக்குத் திதி உண்டு, ஆடி அமாவாசை உண்டு. தீபாவளிக்கு முந்தின நாள் கோழி வறுவலும் பீரும் வைத்துப் படைப்பது அவர்கள் கேள்விப்படாத சங்கதி. தீபாவளி விடுமுறையோடு சேர்த்துப் போட்டால் ஆளுக்கு இரண்டு நாள் லீவு மிச்சம் என்று கணக்குப் போட்டு நாலு பேருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டாள். எடுத்த பிறகுதான் மாமியிடம் ஓடிவந்து சொன்னாள். முதல் சம்பளத்தில் சேலை வாங்கிக் கொடுக்கிற மகளைப் போல முகம் மலர்ந்து நின்ற அந்தப் பெண்ணிடம், ஐயோ அன்றைக்குப் படையல் ஆயிற்றே என்று எப்படிச் சொல்வது? புனிதனுக்கு அப்போது தேதி நினைவே இல்லை. ஆண் பிள்ளைகளுக்கு எது நினைவிருந்தது? லோகேஸ்வரி வாயை மூடிக்கொண்டு, ரொம்ப சந்தோஷம்மா என்றாள்.

நாத்தனார் நல்லம்மாளிடம் சொன்னபோது அவள் தாம் தூம் என்று குதித்தாள். "வூட்டப் பூட்டிட்டுப் போயிட்டா எந்தம்பி எங்க வருவான்? வந்து கதவத் தட்டிட்டு பட்டினியா திரும்பிப் போவணுமா? நீ பிரான்சுல வச்சா அவனுக்கு எப்படித் தெரியும்? அவங்கிட்ட பாஸ்போட்டா இருக்கு?" கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் அந்தக் கேள்வி லோகேஸ்வரியின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. கிளம்புகிற அன்று எல்லாரும் காரில் ஏறிய பிறகு எதையோ மறந்தவள் போல உள்ளே போய், சுவரிலிருந்து படத்தைக் கழற்றிச் சேலையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தாள். வெறும் கூடத்தைப் பார்த்து, "நாங்க இங்க இருக்கமாட்டோம். கூடவே வந்துருங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டினாள். வந்தாரா இல்லையா என்று யாரிடம் கேட்பது? பாரிஸில் இரும்புக் கோபுரத்தைப் பார்த்தபோதும், பெரிய கடையில் வாசனைத் தைலங்களை மணிக்கட்டில் தெளித்துத் தெளித்துத் தும்மியபோதும், ஆற்றோரத்தில் கோட்டைகளைப் பார்த்தபோதும் இந்தக் கேள்வி கூடவே நடந்து வந்தது.

சந்தையின் மறு ஓரத்தில் பூக்கடையைப் பார்த்ததும் லோகேஸ்வரி நின்றுவிட்டாள். கண்ணுக்கு எட்டிய வரை செவ்வந்தி. மஞ்சள், வெள்ளை, ஊதா, செங்கல் நிறம் என்று தொட்டி தொட்டியாகத் தரையில் அடுக்கியிருந்தார்கள். இலை தெரியாமல் பூத்திருந்தன. தீபாவளி நேரத்தில் கோலா குபு பாருவில் ஒரு கிலோ செவ்வந்திக்கு அடிதடியே நடக்கும். இங்கே தெருவில் கொட்டிக் கிடக்கிறது.

"ரூபிணி, இதுல ஒரு மஞ்ச தொட்டி வேணும்."

ரூபிணி விலை கேட்டாள். பூக்காரி குனிந்து தொட்டியை எடுத்தபடியே குரலைத் தாழ்த்தி ஏதோ கேட்டாள். ரூபிணிக்கு முகம் மாறிவிட்டது.

"மாமி, வேண்டாம். வேற பூ எடுப்பம். இது கல்லறைக்கு வைக்கிற பூவாம். வெள்ளிக்கிழமை இவையளுக்குச் செத்த ஆக்கள நினைக்கிற நாள். எல்லாரும் இதத்தான் கொண்டுபோய் வைப்பினமாம். யாருக்கு எண்டு கேக்கிறா."

லோகேஸ்வரி அந்தத் தொட்டிகளை இன்னொரு தரம் பார்த்தாள். இந்த ஊருக்காரர்களும் இதே வாரத்தில்தானா? ஆறு கடல் தாண்டி வந்த இடத்தில் ஒரு ஊரே தன் வீட்டுச் செத்தவர்களுக்காகப் பூ வாங்கிக்கொண்டிருக்கிறது. அவளுக்குக் கண் கலங்கியது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை.

"அப்பக் கேட்டதுக்குப் பதில் சொல்லும்மா. எம்புருசனுக்குன்னு சொல்லு."

ரூபிணி பூக்காரியை விட்டுவிட்டு மாமியின் பக்கம் திரும்பினாள். லோகேஸ்வரி படையலைப் பற்றிச் சொன்னாள். பூட்டிக் கிடக்கிற வீட்டைப் பற்றிச் சொன்னாள். நல்லம்மாள் கேட்ட பாஸ்போர்ட்டைப் பற்றிக்கூடச் சொன்னாள். சொல்லச் சொல்ல ரூபிணியின் கண்கள் விரிந்துகொண்டே போயின. சீஸ் கடையில் விரித்த ஐந்து விரலின் கணக்கு அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

"ஏன் மாமி எனக்கு முதலே சொல்லேல்ல? நான் டிக்கெட்ட மாத்தியிருப்பனே. இவராவது வாயத் திறந்திருக்கலாம்தானே?"

"நீ ஆசையா வந்து சொன்ன. அதுக்கு மேல எனக்கு வாய் வரலம்மா. அவன விடு, அவனுக்கு அவன் பொறந்த நாளே ஞாபகம் இருக்காது."

ரூபிணி அழுதாளா, கோபப்பட்டாளா என்று லோகேஸ்வரிக்குச் சரியாகத் தெரியவில்லை. இரண்டும் கலந்துதான் இருந்திருக்க வேண்டும். மூக்கை உறிஞ்சிக்கொண்டு பூக்காரியிடம் திரும்பி, ஒரு வாக்கியத்தை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக அடுக்கிச் சொன்னாள். பூக்காரி தொட்டியைக் காகிதத்தில் சுற்றி லோகேஸ்வரியின் கையில் கொடுத்து, அந்தக் கையை ஒரு கணம் அழுத்திவிட்டு விட்டாள். பாரிஸில் பேரிக்காயைத் தொட்டதற்குக் கத்தியவளும் இவள் நாட்டுக்காரிதான்.

அதற்குப் பிறகு சந்தை வேறுமாதிரி ஆகிவிட்டது. ரூபிணி முன்னால் நடந்தாள். மாமாவுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டுக் கேட்டு அவளே கடை கடையாக விசாரித்தாள். கோழிக் கடையில் தலையும் காலும் ஒட்டியபடியே கோழிகளைப் பரப்பியிருந்தார்கள். கடைக்காரர் ஒன்றை எடுத்து, மிச்சமிருந்த முடியைத் தீயில் வாட்டி, எந்தப் பண்ணை, என்ன தின்று வளர்ந்தது என்று பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்வதுபோல் குலம் கோத்திரம் எல்லாம் சொன்னார். லோகேஸ்வரி காலின் நகத்தைப் பார்த்தாள். மண்ணைக் கிளறிய நகம். "அசல் கம்பத்து நாட்டுக் கோழி. வறுத்தா நம்ம ஊரு ருசி வரும்" என்றாள். பிறகு அவிக்க முட்டை. சீஸ் ஏற்கனவே கூடையில் இருந்தது. அந்த ஆட்டுப்பால் சீஸின் மேல் பூசியிருந்த கருஞ்சாம்பலைப் பார்த்ததும் திருநீறு பூசியது போலிருக்கிறது, இது அவருக்கு ஆகும் என்று அவளே தீர்மானித்திருந்தாள்.

நாராயணசாமிக்குப் பிடித்தது கருப்பு பீர். மதுக்கடைக்காரரோ என்ன சாப்பாட்டோடு குடிக்கப்போகிறீர்கள் என்று கேட்டார். நழுவிப் போயிருந்த புனிதனும் அகிலனும் அதற்குள் வந்து சேர்ந்திருந்தார்கள்.

"என்னா லா இவனுங்க, எத வாங்கப் போனாலும் இண்டர்வியூ வைக்கிறானுங்க" என்றான் அகிலன்.

மிளகாய் போட்ட கோழி வறுவல் என்று ரூபிணி சொன்னாள். கடைக்காரர் தாடையைத் தடவிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். பிறகு ஒரு சிவப்பு வைன் புட்டியை எடுத்துவந்து மேசையில் வைத்தார். பீரா வைனா என்று பிள்ளைகள் இருவரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

"ரெண்டையும் எடு. பழகுனதும் இருக்கட்டும், பழகாததும் இருக்கட்டும். கூட்டிட்டு வந்தாச்சு, அவரும் ஊரப் பாக்க வேணாமா?"

அதைச் சொன்னதும் அவளுக்கே ஒரு தெம்பு வந்தது. ஆயுள் முழுக்க காலும்பாங்குக்கும் உலு யாமுக்கும் இடையில் லோரி ஓட்டிய மனிதர். கேமரன் மலையைத் தாண்டி எங்கும் போகாதவர். ரொட்டிக் கடையில் நின்று, அடுப்பிலிருந்து இறங்கி இன்னும் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்த நீள ரொட்டியைக் கையில் வாங்கியபோது, இதை அவர் பிய்த்து மூக்கருகில் கொண்டுபோவது எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். கடைசியில் இலைதான் கிடைக்கவில்லை. வாழை இலைக்கு எங்கே போவது? காய்கறிக்காரன் முட்டைக்கோஸின் வெளி மடல்களைப் பிய்த்துக் கூடையில் எறிந்துகொண்டிருந்தான். ஒவ்வொன்றும் தாம்பாளம் அகலம். நரம்போடிக் கரும்பச்சையாக விரிந்திருந்தது. அதில் ஐந்தாறு தரமுடியுமா என்று கேட்டதும் முயல் வளர்க்கிறீர்களா என்றான். காசு வேண்டாம் என்று அள்ளிக் கொடுத்தான்.

அவர்கள் தங்கியிருந்த வீடு ஒரு பழைய கல்வீட்டின் முன்பாதி. பின்பாதியில் வீட்டுக்காரி மதாம் ஒடெட் தனியாக இருந்தாள். எழுபதைத் தாண்டியவள், விறைப்பான முதுகு, இடுப்பில் எப்போதும் ஒரு ஏப்ரன். வந்த அன்று அரைமணி நேரம் நிறுத்தி வைத்து எந்தக் குப்பையை எந்தத் தொட்டியில் போடவேண்டும் என்று பாடம் எடுத்துவிட்டு, முடிவில் ஒரு பாட்டில் பழப்பாகைக் கையில் திணித்துவிட்டுப் போனாள். அதிலிருந்து அகிலன் அவளைக் கண்டால் ஒளிந்துகொள்வான். குப்பையைத் தொட்டி மாற்றிப் போட்டதை அவள் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டாள் என்று அவனுக்குச் சந்தேகம்.

மத்தியானம் முழுக்க லோகேஸ்வரி சமைத்தாள். கையோடு கொண்டுவந்திருந்த கறித்தூளும் காய்ந்த மிளகாயும் நெத்திலியும் வெளியே வந்தன. ரூபிணி வெங்காயம் உரித்தாள், முட்டை உரித்தாள், புகை எச்சரிக்கை மணி அலறியபோது ஜன்னலைத் திறந்து துணியால் விசிறினாள். ஒருமுறை, மாமா உறைப்பு கூடச் சாப்பிடுவாரோ என்று கேட்டுவிட்டு, அவர் சார்பில் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக் கண்ணில் தண்ணீர் விட்டாள். சாம்பிராணி போட்டால் மணி மறுபடி அலறும் என்று ஊதுவத்தியை மட்டும் ஜன்னலோரம் வைத்தார்கள். சுவர் அலமாரியின் மேல் படம். படத்துக்கு முன்னால் மஞ்சள் செவ்வந்தி. முட்டைக்கோஸ் மடல்களை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி விரித்து, சோறு, வறுவல், நெத்திலி சம்பால், அவித்த முட்டை, ரொட்டி, சீஸ், இன்றைக்கு ராத்திரிக்கென்றே கேட்டு வாங்கிய பேரிக்காய். ஒரு கிளாஸில் பீர். ஒரு கிளாஸில் வைன். புனிதன் தேங்காய் கிடைக்காததால் அதற்குப் பதிலாக ஒரு ஆப்பிளை வைத்துவிட்டு, மன்னிச்சுக்குங்கப்பா என்று வாய்க்குள் சொன்னது லோகேஸ்வரி காதில் விழுந்தது.

சூடம் காட்டி எல்லாரும் விழுந்து கும்பிட்டார்கள். இனி அவர் சாப்பிடவேண்டும். உயிரோடிருப்பவர்கள் பார்த்துக்கொண்டிருந்தால் வந்தவர் உட்காரமாட்டார் என்பதால் விளக்கை எரியவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, நாலு பேரும் வெளியே வந்து நின்றார்கள்.

ஆறு மணிக்கே இருட்டிவிட்டது. குளிர் எலும்பைத் தேடியது. யாருக்கும் கோட்டு எடுக்கத் தோன்றவில்லை. எல்லார் காலிலும் வீட்டுச் செருப்புதான். முற்றத்துச் சரளைக் கல்லில் அகிலன் காலை மாற்றி மாற்றி வைத்தான். லோகேஸ்வரி மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பகலெல்லாம் இருந்த தெம்பு இப்போது மெல்ல வடிந்தது. அம்பாங் பெச்சாவில் இப்போது நடுராத்திரி தாண்டியிருக்கும். அங்கே போய் இருட்டில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறாரோ? கூடவே வந்துருங்க என்று சொன்னது காதில் விழாமல் போயிருந்தால்? இங்கே இந்த முட்டைக்கோஸ் இலையில் ஆறிக்கொண்டிருக்கிற சோற்றுக்கு யார் சொந்தம்?

பின்பக்கத்துக் கதவு திறந்தது. மதாம் ஒடெட் ஒரு சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேகவேகமாக வந்தாள். அவள் கையில் சாவிக்கொத்து. நாலு பேரையும் அவர்கள் செருப்பையும் பார்த்தாள். பேசிக்கொண்டே நேராகக் கதவை நோக்கி நடந்தாள்.

"சாவிய உள்ள வச்சிட்டுப் பூட்டிட்டமாக்கும் எண்டு நினைக்கிறா" என்றாள் ரூபிணி.

"ஐயோ, திறக்க வேணாம்னு சொல்லும்மா!" லோகேஸ்வரி தன்னை மறந்து ஓடிப்போய்க் கதவுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டாள். சாவி பூட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. மதாம் ஒடெட்டின் புருவம் ஏறியது. உள்ளே எதையாவது கொளுத்திவிட்டார்களா என்று அவள் நினைத்திருந்தால் அதில் தப்பில்லை. ஜன்னல் வழியாக ஊதுவத்திப் புகை வந்துகொண்டிருந்தது.

ரூபிணி முன்னால் வந்தாள். வகுப்பில் ஹோட்டலில் அறை கேட்கவும் ரயிலுக்குச் சீட்டு வாங்கவும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. இருந்த சொற்களை வைத்துக்கொண்டு, உள்ளே என் மாமனார் சாப்பிடுகிறார் என்று சொன்னாள்.

மாமனாரா, நீங்கள் நாலு பேர்தானே வந்தீர்கள் என்றாள் மதாம்.

ஆமாம். அவர் இறந்துவிட்டார். இரண்டு வருடம் ஆகிறது. எங்கள் வழக்கப்படி இன்றைக்கு அவர் சாப்பிட வருவார். அவர் சாப்பிடும்போது நாங்கள் உள்ளே இருக்கக்கூடாது.

புனிதன் தரையைப் பார்த்தான். அகிலன் வானத்தைப் பார்த்தான். பைத்தியங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டோம் என்று இந்தக் கிழவி போலீஸைக் கூப்பிடப் போகிறாள் என்பது அவன் முகத்தில் எழுதியிருந்தது. மதாம் ஒடெட் விரித்த கைகளை இன்னும் மடக்காமல் நின்றிருந்த லோகேஸ்வரியைப் பார்த்தாள். தலையைச் சாய்த்து, ஜன்னல் வழியாகத் தெரிந்த மஞ்சள் பூக்களைப் பார்த்தாள், கிளாஸ்களைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். சாவிக்கொத்தைச் சத்தம் வராமல் விரல்களுக்குள் இறுக்கி ஏப்ரன் பைக்குள் போட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, உள்ளே இருப்பவருக்குத் தொந்தரவாகிவிடக் கூடாது என்பதுபோல், ஒரு கேள்வி கேட்டாள்.

ரூபிணி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னாம்மா கேக்கறாங்க?"

"மாமா மெதுவாச் சாப்பிடுற ஆளா எண்டு கேக்கிறா மாமி."

லோகேஸ்வரியின் கைகள் தாமாகவே இறங்கின. நாராயணசாமி செத்துப்போனதிலிருந்து எத்தனையோ பேர் வந்து எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். எப்படி ஆனது, எத்தனை மணிக்கு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லையா, இன்ஷூரன்ஸ் உண்டா. எல்லாக் கேள்வியிலும் அவர் செத்துத்தான் கிடந்தார். இந்தக் கேள்வியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க," என்றாள், தமிழிலேயே, நேராக அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து. "ரொம்ப மெதுவு. லோரில போறப்ப அள்ளிப் போட்டுக்குவாரு, வேற வழியில்ல. ஆனா வீட்ல தட்டு முன்னால உக்காந்துட்டா ஒரு மணி நேரம். எலும்ப ஒண்ணொண்ணா உறிஞ்சணும். கல்யாண வூட்டுல அடுத்த பந்திக்காரன் நாற்காலிய புடிச்சிக்கிட்டு பின்னாலயே நிப்பான், இவரு ரசத்துக்கே வந்திருக்க மாட்டாரு. எனக்குத்தான் வெக்கமாப் போயிடும். எந்திரிங்கன்னு இடிப்பேன். சிரிச்சிக்கிட்டே இன்னொரு அப்பளம் கேப்பாரு." அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்காமலேயே சிரித்தாள். "இன்னும் நேரமாவும்னு சொல்லும்மா. குளுருல நிக்கவேணாம், அவங்கள உள்ள போகச் சொல்லு."

ரூபிணி எதைச் சொன்னாள், எதை விட்டாள் என்று யாருக்கும் தெரியாது. மதாம் ஒடெட் கடைசி வரை கேட்டாள். தலையசைத்தாள். திரும்பிப் பின்பக்கம் போய்விட்டாள். அவ்வளவுதான் என்று அகிலன் பெருமூச்சு விட்டான்.

கொஞ்ச நேரத்தில் சரளைக் கல்லில் மரம் உரசுகிற சத்தம் கேட்டது. இரண்டு நாற்காலிகளை இரண்டு கையிலும் இழுத்துக்கொண்டு அவள் வந்துகொண்டிருந்தாள். தோளில் கம்பளிகள் கிடந்தன. புனிதன் ஓடிப்போய் வாங்கினான். எந்தத் தொட்டி என்று சுட்டிய அதே விரலால் இன்னும் நாற்காலிகள் உள்ளே இருப்பதாக அகிலனுக்குச் சுட்டினாள். அவன் ஒளியாமல் போய் எடுத்து வந்தான். கதவுக்கு எதிரே அவற்றை வரிசையாகப் போட்டு, முதலில் லோகேஸ்வரியைத் தோளைப் பிடித்து உட்காரவைத்து, மடியில் ஒரு கம்பளியை விரித்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் தானும் உட்கார்ந்தாள். ரூபிணி மாமியின் மறுபக்கம் உட்கார்ந்து கம்பளியின் ஓரத்துக்குள் காலை நுழைத்துக்கொண்டாள். யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலில் வெளிச்சம் நின்று எரிந்தது. அதைப் பார்த்தபடி ஐந்து பேரும் ஒரு பந்தியின் பின்னால் காத்திருப்பவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள்.